கல்பாசியும் காட்டுமுயலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் சனிக்கிழமை காலைகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அறிவியல் வகுப்பு எடுக்கிறேன். சென்ற பள்ளி விடுமுறையில், "இரண்டு உயிர்களை ஒப்பிட்டு எழுதுங்கள்" என்று ஒரு வேலை கொடுத்தேன். பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டோம். ஒரு மாணவிக்கு வந்த இரண்டு சீட்டுகள்: கல்பாசி, காட்டுமுயல். "டீச்சர், இத எப்படி ஒப்பிடுறது? ஒன்னு கறிக்குப் போடுறது, இன்னொன்னு ஓடுறது" என்றாள். வேறு சீட்டு எடுத்துக்கொள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அந்த ஒப்பீடு மூன்று வாரம் நீண்டது. பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அம்மா அப்பாக்களும் கதவோரம் நின்று கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன்.

கல்பாசி என்பது எது? நோன்பு மாதத்தில் காய்ச்சும் கடல்பாசியா?

இல்லை. கடல்பாசி கடலில் வளரும் செம்பாசியிலிருந்து எடுப்பது, காய்ச்சி ஆறவிட்டால் கட்டியாகும். கல்பாசி குளிர்ந்த மலைப்பகுதிகளில் மரப்பட்டையிலும் பாறையிலும் ஒட்டி வளர்வது. லெபோ பசார் மளிகைக்கடைகளில் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு இருக்கும் வரிசையில் இதுவும் பொட்டலமாகத் தொங்கும். செட்டிநாட்டுக் கறிக்கு வாசம் தருவது இதுதான். வடக்கே இதைக் 'கல்பூ' என்று பொருள்படும்படி இந்தியில் 'பத்தர் கே பூல்' என்கிறார்கள்.

ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மேற்புறம் சாம்பல் நிறம். திருப்பினால் அடிப்புறம் கரி போலக் கறுப்பு, ஓரம் வரும்போது பழுப்பு. காய்ந்த இலை போல நொறுங்கும். சுருண்ட விளிம்பில் மாவு தூவியது போல நுண்ணிய பொடி இருக்கும். அந்தப் பொடியை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். பச்சையாக முகர்ந்தால் பெரிய வாசனை இல்லை, பழைய மரப்பெட்டியைத் திறந்தது போல இருக்கும். சூடான எண்ணெயில் விழுந்தவுடன்தான் அது வாய் திறக்கும்.

அறிவியலில் இதன் பெயர் பார்மோட்ரீமா பெர்லாட்டம். கடைப் பொட்டலத்தில் இந்த ஓர் இனம்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். இதற்கு உறவான, இலை போல விரியும் வேறு சில வகைகளும் கலந்தே சந்தைக்கு வருகின்றன.

காட்டுமுயல் என்றால் வீட்டில் வளர்க்கும் முயல்தானே?

இதைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். நாம் கூண்டில் வளர்க்கும் முயல் ஐரோப்பாவிலிருந்து வந்த குழிமுயலின் வழி. தமிழ்நாட்டுக் காட்டில் ஓடுவது வேறு இனம், வேறு பேரினமும்கூட. அதன் அறிவியல் பெயர் லீப்பஸ் நைக்ரிகாலிஸ், பொருள் 'கறுப்புக் கழுத்து'. பிடரியில் ஒரு கறுப்புப் பட்டை இருப்பதால் அந்தப் பெயர். வள்ளுவர் 'கான முயல்' என்று சொன்னது இதைத்தான். கூண்டு முயலை அவர் காலத்துத் தமிழர் கண்டிருக்க வழியில்லை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நிறத்தோடு முடியவில்லை. குழிமுயலின் உயிரணுவில் 44 குரோமோசோம்கள், காட்டுமுயல் பேரினத்தில் 48. குழிமுயல் வளை தோண்டும், காட்டுமுயல் தோண்டாது. புல் மறைவில் உடம்பு அமுங்கும் அளவுக்கு ஒரு பள்ளம், அதுதான் அதற்கு வீடு.

சிவகங்கைப் பக்கம் உறவினர் ஊருக்குப் போயிருந்தபோது ஒருமுறை அருகில் பார்த்தேன். பொழுது சாயும் நேரம். கடலைக்கொல்லை வரப்பில் ஒரு மண்கட்டி போலக் கிடந்தது. காதுகள் முதுகோடு ஒட்டியிருந்தன. மூன்றடி தூரத்தில் நான் நின்றும் அசையவில்லை. மூக்கு மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது. பிடரியின் கறுப்பை அப்போதுதான் தெளிவாகக் கண்டேன். நான் செருப்பை மாற்றி ஊன்றியதும் அது இருந்த இடம் வெறும் புல்லாகிவிட்டது.

சரி, இந்த இரண்டையும் எந்த வகையில் ஒப்பிட முடியும்?

கால் உண்டா, இலை உண்டா என்று அட்டவணை போட்டால் எந்த வரியிலும் இரண்டும் ஒத்துவராது. மாணவி முதலில் அப்படித்தான் போட்டாள். நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத் தொடங்கச் சொன்னேன்: இது எத்தனை உயிர்? முயலுக்கு உடனே 'ஒன்று' என்று எழுதினாள். கல்பாசிக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. அந்த இடத்திலிருந்துதான் எங்கள் ஒப்பீடு உண்மையில் தொடங்கியது.

கல்பாசி ஓர் உயிரா, இரண்டா?

கல்பாசி ஒரு லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஒரே உடம்பாக வாழ்வதற்குத்தான் லைக்கன் என்று பெயர். இடைநிலைப்பள்ளியில் மலாயில் 'லிக்கேன்' என்று படித்திருப்பீர்கள். உடம்பின் பெரும்பகுதி பூஞ்சை இழை. மேலே ஒரு தோல், நடுவில் பஞ்சு போன்ற இழைகள், அடியில் கறுப்புத் தோல். மேல்தோலுக்குச் சற்றுக் கீழே, கூரைக்கு அடியில் வரிசையாக உட்கார்ந்தது போல, பச்சைப் பாசி அணுக்கள். அவற்றின் பெயர் ட்ரெபூக்சியா. பாசி வெயிலில் உணவு சமைத்து, ரிபிட்டால் என்னும் சர்க்கரை வகையாகப் பூஞ்சைக்குக் கொடுக்கிறது. பூஞ்சை ஈரத்தைப் பிடித்து வைத்து, கடும் வெயிலிலிருந்து மறைப்பும் தருகிறது.

இது கூட்டு வாழ்வு என்று முதலில் உரக்கச் சொன்னவர் சுவிட்சர்லாந்தின் சிமோன் ஷ்வெண்டனர், 1867-இல். அதுவரை லைக்கனைத் தனித் தாவரம் என்றே எண்ணியிருந்தார்கள். லைக்கன் ஆய்விலேயே பெரும் பெயர் பெற்றிருந்த வில்லியம் நைலாண்டர் கடைசிவரை இதை ஏற்கவில்லை. ஷ்வெண்டனர் இந்த உறவைப் பூஞ்சை முதலாளி, பாசி அடிமை என்று வருணித்தார். அந்த உவமை எனக்கு ஒட்டவில்லை. பாறைமேல் வெறும் வெயிலில் தனியாகக் காய்ந்துபோகக்கூடிய பாசி, பூஞ்சையின் கூரைக்குக் கீழ் ஆண்டுக்கணக்கில் தழைக்கிறது. அடிமைத்தனம் என்று மட்டும் சொல்லி இதை முடித்துவிட முடியாது.

கதை இரண்டோடு நிற்கவும் இல்லை. 2016-இல் டோபி ஸ்பிரிபில் என்பவரும் உடன் ஆய்ந்தவர்களும், பல லைக்கன்களின் தோலில் மூன்றாவதாக ஓர் ஈஸ்ட்டும் வாழ்வதைக் கண்டு சொன்னார்கள். ஏறக்குறைய 150 ஆண்டுகள் நுண்ணோக்கியில் பார்த்தும் கண்ணில் படாமல் இருந்தது அது.

பெயர் வைக்கும் விதியையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். லைக்கனுக்கு வைக்கும் அறிவியல் பெயர், விதிப்படி, அதிலுள்ள பூஞ்சைக்கு மட்டுமே உரியது. பாசிக்குத் தனிப் பெயர். பார்மோட்ரீமா பெர்லாட்டம் என்று நாம் சொல்லும்போது குடும்பத் தலைவர் பெயரைத்தான் சொல்கிறோம், வீட்டில் உள்ள எல்லாரையும் அல்ல. "அப்ப அடையாள அட்டையில அப்பா பேர் மட்டும் இருக்கு" என்றான் ஒரு பையன். நானே இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

அப்படியானால் முயல் மட்டும் ஒற்றை உயிரா?

இதைக் கேட்டவர் ஒரு தாத்தா. பேரனை அழைத்துப் போக வந்தவர். இந்தக் கேள்விக்காகவே அந்த மூன்று வாரமும் தகும் என்று நினைக்கிறேன்.

முயல் தின்பது புல். புல்லின் நாரை உடைக்கும் சாறு எந்தப் பாலூட்டியின் உடம்பிலும் சுரப்பதில்லை. முயலின் வயிற்றில் குருட்டுக்குடல் என்றொரு பை இருக்கிறது. நமக்கு அது சின்னது, முயலுக்கு இரைப்பையைவிடப் பெரியது. அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருந்து நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. ஆனால் அந்தப் பை, சத்தை நன்றாக உறிஞ்சும் சிறுகுடலைத் தாண்டி அமைந்திருக்கிறது. அதனால் முயல் ஒரு வழி வைத்திருக்கிறது. பகலில் படுத்திருக்கும்போது மென்மையான, பளபளப்பான ஒருவகைப் புழுக்கை வரும். வெளியே விழுமுன் வாயால் எடுத்து விழுங்கிவிடும். இரண்டாவது முறை வயிற்றுக்குள் போகும்போது நுண்ணுயிர்கள் சமைத்ததெல்லாம் உடம்பில் சேரும். தரையில் நாம் பார்க்கும் உலர்ந்த உருண்டைகள், எல்லாம் முடிந்தபின் மிஞ்சிய நார். பிள்ளைகள் "சீ" என்றார்கள். மாடு அசைபோடுவதைப் பார்த்து யாரும் சீ என்பதில்லையே என்றேன். கொஞ்சம் யோசித்தார்கள்.

வீட்டில் முயல் வளர்ப்பவர்களுக்கு இதில் ஒரு முக்கியச் செய்தி உண்டு. மனிதருக்கு எழுதிக் கொடுத்த அமோக்ஸிசிலின் போன்ற கிருமிக்கொல்லி மருந்தை முயலுக்கு வாய்வழியே கொடுத்துவிடாதீர்கள். குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் செத்துப்போய் முயலே இறந்துபோகும். கூட்டாளி போனால் வீடும் போகிறது. லைக்கனில் பாசி செத்தால் நடப்பதும் இதுதான்.

மாணவி தன் தாளில் முயலுக்கு எதிரே எழுதிய 'ஒன்று' என்பதை அழித்துவிட்டாள். வேறுபாடு எண்ணிக்கையில் இல்லை, கூட்டாளி குடியிருக்கும் இடத்தில் இருக்கிறது. கல்பாசியின் கூட்டாளி வெயில் படத் தோலுக்குக் கீழே. முயலின் கூட்டாளி வயிற்று இருட்டுக்குள்ளே.

குட்டி போடுவதையும் பொடி உதிர்வதையும் ஒப்பிடலாமா?

தாராளமாக. நினைவில் வைக்கச் சொன்ன அந்த விளிம்புப் பொடி இங்கேதான் வருகிறது. அதன் ஒவ்வொரு துகளிலும் சில பாசி அணுக்களைப் பூஞ்சை இழை சுற்றிக் கட்டியிருக்கும். காற்றோ மழையோ எறும்போ அதைக் கொண்டுபோய் வேறொரு கிளையில் சேர்த்தால், போன இடத்தில் இருவரும் சேர்ந்தே குடித்தனம் தொடங்கலாம். பூஞ்சை தனியாக வித்தும் பரப்பும், ஆனால் அந்த வித்து விழுந்த இடத்தில் தனக்கேற்ற பாசியைத் தேடிக்கொள்ள வேண்டும்.

காட்டுமுயலும் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. சினைக்காலம் ஒன்றரை மாதம் போல. குட்டி பிறக்கும்போதே உடம்பில் ரோமம், கண் திறந்திருக்கும், சீக்கிரமே நகரவும் செய்யும். குழிமுயலுக்குச் சினைக்காலம் ஒரு மாதம்தான். அதன் குட்டி ரோமமின்றி, கண் மூடி, வளைக்குள் கிடக்கும். வளை இல்லாத தாய்க்குத் தயாரான பிள்ளை வேண்டியிருக்கிறது.

குடல் நுண்ணுயிர்களும் தாய்வழிச் சொத்துதான். வளர்ப்பு முயல்களில் தாய் கூட்டில் விட்டுப்போகும் புழுக்கைகளைக் குட்டிகள் கொறிப்பதைப் பார்க்கலாம். கூட்டாளியைக் கைமாற்றிக் கொடுக்கும் விதம் அது.

எது வேகமாக வளரும்? எது நீண்ட நாள் வாழும்?

முயல் ஓராண்டுக்குள் முழு வளர்ச்சி அடைந்துவிடும், காட்டில் அதன் ஆயுள் சில ஆண்டுகள். கல்பாசி போன்ற இலை லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் விரியும். உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று உங்கள் குழம்பில் விழுகிறது என்றால், மரத்தில் அதற்குப் பத்து வயது அளவு ஆகியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாறையோடு பாறையாக ஒட்டும் வகைகள் இன்னும் மெதுவானவை. குளிர்நாடுகளில் அவற்றின் அகலத்தை அளந்து, பனிப்பாறை எப்போது பின்வாங்கியது என்று கணக்கிடுகிறார்கள்.

தண்ணீர் இல்லாவிட்டால் இரண்டும் என்ன செய்யும்?

முயல் புல்லின் ஈரத்திலும் பனித்துளியிலும் சமாளிக்கும், வெயில் நேரத்தில் நிழலில் படுத்திருக்கும். அதற்குமேல் தாங்காது. லைக்கன் அப்படியே காய்ந்து உறங்கிவிடும். மழை பட்டால் சில நிமிடங்களில் மறுபடி உணவு சமைக்கத் தொடங்கும். 2005-இல் ஐரோப்பிய விண்வெளி முகமை இரண்டு வகை லைக்கன்களை விண்கலத்துக்கு வெளியே, காற்றே இல்லாத வெளியில் ஏறக்குறைய இரண்டு வாரம் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தது. அவை பிழைத்திருந்தன.

கல்பாசி சைவமா? விரத நாளில் சேர்க்கலாமா?

உயிரியல்படி அதில் விலங்கு எதுவும் இல்லை. பூஞ்சையும் பாசியும்தான். காளான் உண்ணும் வீட்டில் தயங்கக் காரணமில்லை. விரதத்துக்குக் காளானையே தவிர்க்கும் வீடுகளில் பெரியவர்கள் சொல்வதைக் கேளுங்கள், அது என் பாடம் அல்ல.

முயல் கல்பாசியைத் தின்னுமா?

காட்டுமுயலின் உணவு புல், தளிர், பயிர். லைக்கனை நம்பி வாழ்வது துருவப் பகுதிப் பனிமான்கள்தான். குளிர்காலத்தில் பனியைக் குளம்பால் கிளறி எடுத்துத் தின்னும். கல்பாசியும் முயலும் சந்திக்கும் ஒரே இடம் பழைய காலத்துச் செட்டிநாட்டு முயல்கறிச் சட்டி. இன்று இந்தியாவில் காட்டுமுயலை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஊருக்குப் போகும்போது "விருந்துக்கு முயல் பிடிக்கிறோம்" என்று யாராவது அன்போடு சொன்னால், அதே அன்போடு மறுத்துவிடுங்கள்.

பினாங்கில் இவற்றை நேரில் பார்க்க முடியுமா?

காட்டுமுயலைப் பார்க்க முடியாது. அதன் சொந்த நிலம் இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், நேபாளம், வங்காளதேசம். நம்மவர் கப்பலேறிப் போன மொரீஷியஸ், ரியூனியன் தீவுகளுக்கும் அது கொண்டுபோகப்பட்டிருக்கிறது. இந்தத் தீவில் அது இல்லை. "தோட்டத்துல சின்ன வயசுல முயல் பாத்தேன்" என்று சொன்ன ஓர் அம்மாவிடம் விசாரித்துப் பார்த்தால், அவர் கண்டது சருகுமான். மலாய்க் கதைகளில் சாங் கஞ்சில் என்று வருமே, அதுதான். நம் கதையில் சிங்கத்தைக் கிணற்றில் தள்ளும் முயல் செய்யும் வேலையை, இங்குள்ள கதைகளில் சருகுமான் செய்கிறது. முயல் இல்லாத காட்டில் புத்திசாலிக்கு வேறோர் உடம்பு கிடைத்திருக்கிறது.

லைக்கனுக்கு எங்கும் போக வேண்டாம். 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் தூங்குமூஞ்சி மரங்களின் அடிமரத்தைப் பாருங்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும்போது படியோர மரங்களையும் கற்களையும் பாருங்கள். வெள்ளை, சாம்பல், வெளிர்பச்சைத் திட்டுகள் வரைபடம் போல எல்லை பிரித்துக்கொண்டு நிற்கும். கொடிமலைக்கு மேலே போனால், குளிரும் மூடுபனியும் உள்ள இடத்தில், இலை போல விரிந்த வகைகளும் தொங்கும் வகைகளும் கண்ணில் படும். 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த மலை அது. அங்கிருந்து எதையும் உரித்து வராதீர்கள், குழம்புக்கு நிச்சயமாக வேண்டாம். ஒன்றைப் போலவே தோன்றும் இன்னொன்றைப் பிரித்தறிவது வல்லுநர் வேலை.

வீட்டு மாமரத்தில் வெள்ளைத் திட்டு வருகிறது. அது நோயா? சுரண்டிவிடலாமா?

பால்மரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், பட்டையில் இந்தத் திட்டு இல்லாத மரமே இருக்காது. பெரும்பாலும் அது லைக்கன்தான். மரத்துக்குள் வேர் விடுவதில்லை, சாற்றை உறிஞ்சுவதில்லை, பட்டையை உட்காரும் இடமாக மட்டும் வைத்துக்கொள்கிறது. மரம் வாடுகிறது என்றால் காரணத்தை வேரிலும் இலையிலும் தேடுங்கள். ஒரு பெற்றோர் கம்பித் தூரிகையால் முழு மரத்தையும் தேய்த்துவிட்டு வந்து சொன்னார். லைக்கன் போய்விட்டது, கூடவே பட்டையும் போய்விட்டது. மரத்துக்குக் காயம் பட்டது அப்போதுதான்.

புகைமூட்டக் காலத்தில் லைக்கன் நமக்கு எதையாவது காட்டுமா?

இன்றைய புகையை அறிய 'ஐபியு' எனப்படும் காற்று மாசுக் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். லைக்கன் காட்டுவது பல ஆண்டுக் காற்றை. அதற்கு வேர் இல்லை, மெழுகுப் பூச்சும் இல்லை. வேண்டியதையெல்லாம் மழையிலும் காற்றிலும் இருந்து உடம்பு முழுவதாலும் இழுத்துக்கொள்கிறது. கந்தக டையாக்சைடு வந்தால் அதையும் இழுத்துக்கொண்டு பாசி அணு கெடும். முன்னே சொன்ன நைலாண்டர்தான் 1866-இல், பாரிஸ் நகரப் பூங்கா ஒன்றில் லைக்கன்கள் மறைந்து வருவதைக் காற்றோடு தொடர்புபடுத்தி எழுதினார். 1986 செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பின் ஸ்காண்டிநேவிய லைக்கன்களில் கதிரியக்கச் சீசியம் சேர்ந்தது. அதைத் தின்ற பனிமான்களின் இறைச்சியை மக்கள் உண்ண முடியாமல் போனது. முயலால் கெட்ட இடத்தை விட்டு ஓட முடியும். லைக்கன் அங்கேயே இருந்து எல்லாவற்றையும் உடம்பில் வாங்கிக்கொள்கிறது.

இரண்டில் எதைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டும்?

உலக அளவில் இரண்டும் இப்போதைக்கு அழிவின் விளிம்பில் இல்லை. ஆனாலும் என் கவலை கல்பாசியின் பக்கம்தான் சாய்கிறது. முயலுக்குச் சட்டம் இருக்கிறது, பிடிப்பவன் ஓடிக் களைக்க வேண்டியிருக்கிறது. நல்ல புல் இருந்தால் அது மறுபடி பெருகும். கல்பாசியை மரத்திலிருந்து உரிக்க ஒரு கத்தி போதும், அதே இடத்தில் அதே அளவு மறுபடி வரப் பத்தாண்டு காத்திருக்க வேண்டும். ஒரு சட்டிக் கறிக்கு இரண்டு விரல் அகலத் துண்டு தாராளம். கைப்பிடி போட்டால் கசக்கவும் செய்யும். மிச்சத்தைக் காற்றுப் புகாத போத்தலில் போட்டு வையுங்கள், மாதக்கணக்கில் வாசம் போகாது.

பிள்ளைகளோடு வீட்டிலேயே செய்து பார்க்க ஏதாவது உண்டா?

உண்டு. மழை ஓய்ந்த காலையில் பூங்கா ஓரத்தில் கீழே விழுந்து கிடக்கும் லைக்கன் ஒட்டிய சுள்ளி ஒன்றைத் தேடுங்கள். மரத்திலிருந்து ஒடிக்க வேண்டாம். இரண்டு நாள் காயவிட்டால் சாம்பலாக வெளுத்துவிடும். பிறகு பாதியை மட்டும் சொட்டுச் சொட்டாக நனையுங்கள். மேல்தோல் தண்ணீரைக் குடித்துக் கண்ணாடி போலத் தெளியும். கீழே உட்கார்ந்திருக்கும் பாசியின் பச்சை மெல்ல மேலே தெரிய வரும். காய்ந்த பாதி சாம்பலாகவே இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை இருந்தால் விளிம்புப் பொடியையும் பார்க்கலாம். பள்ளியில் அமிலம் சோதிக்கும் லிட்மஸ் தாள் இருந்தால் அதையும் பக்கத்தில் வையுங்கள். அந்தச் சாயம் முதன்முதலில் எடுக்கப்பட்டது ரொசெல்லா என்னும் கடலோர லைக்கனிலிருந்து.

முடிந்ததும் சுள்ளியை எடுத்த இடத்தில், ஈரமான பக்கம் மேலே இருக்கும்படி, திரும்ப வைத்துவிடுங்கள்.